நீலச் சுடர் ஏறும் மலை

கஞ்சன்ஜங்காவின் அடிவாரக் காடுகளில் பயணிகள் விறகு எரிக்கக் கூடாது. ஒரு பித்தளை ஸ்டவ்வின் சுடரை அடக்கத் தெரிந்த கையை நம்பித்தான் அங்கே பல கூடாரங்கள் விடிந்திருக்கின்றன

அதிகாலை மூன்றரை மணி. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 4,020 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோங்ரி புல்வெளியில் புற்கள் உறைந்து விறைத்திருக்கின்றன. கூடாரத் துணியின் உட்புறத்தில் மூச்சுக் காற்று பனித்தூளாகப் படிந்திருக்கிறது. இருட்டில் முதலில் எழுவது பறவைக் குரல் அல்ல. சமையல் கூடாரத்திலிருந்து வரும் 'புஸ்' என்ற சீறல். அது சில விநாடிகளில் தடித்து, ஒரே சீரான இரைச்சலாக மாறுகிறது. தூக்கம் கலைந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் புரியும்: இன்னும் கால் மணியில் தேநீர். அதன் பிறகு ஜோங்ரி உச்சிக்கு ஏற்றம். மேகம் சூழ்வதற்குள் 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்காவின் மீது முதல் வெயில் விழுவதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த இரைச்சலுக்குப் பின்னால் இருப்பது பம்ப் ஸ்டவ். நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்டு வளர்ந்த அதே சத்தம். சமவெளியில் காஸ் அடுப்பு வந்ததும் பரணுக்குப் போன பொருள், சிக்கிமின் மலைப் பாதையில் வெகு காலம் பணியில் இருந்தது. காஸ் சிலிண்டர்கள் பெருகிவிட்ட பிறகும் அது முழுதாக விடைபெறவில்லை. காரணம் பழமைப் பற்று அல்ல. குளிர், உயரம், காடு ஆகிய மூன்றும் சேர்ந்து போட்ட கணக்கு.

பாதை தொடங்குமிடம் யுக்சம். சிக்கிமின் முதல் தலைநகர். மூன்று லாமாக்கள் கூடி 1642ல் புண்ட்சோக் நம்கியாலை முதல் மன்னராக முடிசூட்டிய இடம். அவர்கள் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல் சிம்மாசனம் பெரிய மரத்தின் நிழலில் இன்றும் இருக்கிறது. சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பயணிகள் கவனிக்க மறப்பது வேறொரு காட்சியை: காலையில் ட்ஸோக்களின் முதுகில் பொதி ஏற்றும் வேலை. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த இந்தக் கலப்பின மாடுகள்தான் இங்கே லாரிகள். அரிசி மூட்டை ஒரு மாட்டில் ஏறினால் மண்ணெண்ணெய் கேன் இன்னொன்றில் ஏறும். இரண்டும் ஒரே முதுகில் போனால் மூன்றாம் நாள் சோற்றில் மண்ணெண்ணெய் மணக்கும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

எரிபொருளை ஏன் சுமந்து போக வேண்டும்? வழி நெடுகக் காடுதானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. யுக்சமிலிருந்து மேலே போகும் பாதை கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவுக்குள் செல்கிறது. 2016ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி இது. பாக்கிம், ஷோகா வரை ஓக் மரங்களும் மக்னோலியாவும். அதற்கு மேல் ரோடோடென்ட்ரான். சிக்கிமில் இதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சரிவு முழுவதும் பூத்துக் கிடக்கும். ஜோங்ரியை நெருங்கும்போது அதே இனம் இடுப்பளவுக்குக் குறுகிப்போகிறது. கூடவே தரையோடு படரும் ஜூனிப்பர். கடுங்குளிரில் ஆண்டுக்குச் சில மாதங்களே வளரும் செடிகள் இவை. மணிக்கட்டு அளவு தண்டு பருமனாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அது ஒரு மாலை நேரக் குளிர்காய்தலில் சாம்பலாகிவிடும்.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பயணிகளின் வரத்து கூடக் கூட, முகாம்களைச் சுற்றிய புதர்கள் தேய்ந்தன. 1996ல் யுக்சம் மக்களே கஞ்சன்ஜங்கா பாதுகாப்புக் குழுவை அமைத்தார்கள். வழிகாட்டிகள், சுமை தூக்குவோர், மாடு ஓட்டுவோர் என்று இந்தப் பாதையால் பிழைப்பவர்கள், காடு போனால் பிழைப்பும் போகும் என்று உணர்ந்த தருணம் அது. பூங்காவுக்குள் பயணக் குழுக்கள் விறகு எரிக்கக் கூடாது, எரிபொருளைக் கையோடு கொண்டு வர வேண்டும் என்பது விதி. சுருக்கமாகச் சொன்னால், மேலே ஸ்டவ் ஒழுங்காக எரிந்தால் ரோடோடென்ட்ரான் பிழைக்கும். எரியாவிட்டால், குளிரில் நடுங்கும் கூட்டத்தின் கண்கள் முதலில் போவது அந்தப் புதர்களின் பக்கம்தான்.

அடக்கத் தெரிந்த கை

பம்ப் ஸ்டவ்வின் உடம்பு எளிமையானது. கீழே பித்தளைத் தொட்டி. பக்கவாட்டில் தோல் வாஷர் வைத்த பம்ப். தொட்டியின் மூடியில் காற்றை வெளியேற்றும் சிறு திருகு. நடுவில் எழும் குழாய், மேலே பர்னர். பர்னரின் வளைவுகளுக்கு நடுவில் ஊசிமுனை அளவே துளையுள்ள ஜெட். குழாயைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம். திரி கிடையாது. மண்ணெண்ணெய் திரவமாக எரிவதில்லை. பர்னரின் சூட்டில் ஆவியாகி, துளை வழியாகப் பாய்ந்து, காற்றோடு கலந்து எரிகிறது. அந்தச் சூட்டை எரியும் சுடரே தருகிறது. ஆனால் முதல் சூட்டை மனிதன்தான் தர வேண்டும்.

அதனால்தான் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட். காற்றுத் திருகு திறந்தே இருக்க, ஸ்பிரிட் எரிகிறது. அவசரக்காரர்கள் தோற்கும் கட்டம் இது. ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி, இரண்டு மூன்று முறை மெல்லப் பம்ப் அடித்தால் நீலச் சுடர் பிடித்துக்கொள்ளும். பர்னர் சூடேறுமுன் அடித்தால் ஜெட்டிலிருந்து வருவது ஆவி அல்ல, பச்சை மண்ணெண்ணெய். மஞ்சள் ஜுவாலை ஒரு முழ உயரத்துக்குக் கிளம்பும். கூடாரத் துணிக்கு அது எமன். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: திருகைத் திறந்து காற்றை விட்டு, ஜுவாலை அடங்கக் காத்திருந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜோங்ரியின் குளிரில் பித்தளை சில்லிட்டுக் கிடப்பதால் கீழே ஒரு கிண்ணம் ஸ்பிரிட் போதுமான இடத்தில் இங்கே ஒன்றரை, இரண்டு கிண்ணம் தேவைப்படும். முந்தைய ஸ்பிரிட் முழுதாக அணைந்து கிண்ணம் ஆறாமல் இரண்டாவது முறை ஊற்றக் கூடாது. நீலமாக எரியும் ஸ்பிரிட் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

சுடர் பிடித்த பிறகு வருவது அடக்குகிற வேலை. பழைய மாதிரி ஸ்டவ்வில் காஸ் அடுப்பைப் போல் திருகு குமிழ் கிடையாது. பெரிதாக்க பம்ப். சிறிதாக்க, காற்றுத் திருகை ஒரு நூலிழை திறந்து உடனே மூட வேண்டும். காது சொல்வதைக் கை கேட்கிறது. இரைச்சல் சீராக இருந்தால் சரி. விட்டு விட்டுத் துடித்தால் ஜெட்டில் கரி அடைத்திருக்கிறது, ஸ்டவ் பின்னால் குத்த வேண்டும். இரைச்சல் மெலிந்து சுடரின் நுனி மஞ்சளானால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

இந்த ஸ்டவ்வை நினைத்த அளவுக்குச் சிம்மில் வைக்க முடியாது என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. சுடர் சிறுத்தால் பர்னர் ஆறும். பர்னர் ஆறினால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் மறுபடி மஞ்சள் ஜுவாலை, கரி, நாற்றம். ஆகவே ஒரு எல்லைக்குக் கீழே சுடரை இறக்காமல், பாத்திரத்தைத்தான் தள்ளி வைக்க வேண்டும். அடியில் ஒரு தகரத் தட்டு, அல்லது இரண்டு கல் வைத்து உயர்த்துவது. மலைச் சமையல்காரர் கஞ்சி அடிப்பிடிக்காமல் இறக்குகிறார் என்றால் அது சுடரைக் குறைத்ததால் அல்ல. சுடருக்கும் சட்டிக்கும் இடையிலான தூரத்தை அறிந்ததால்.

உயரம் போடும் வரி

யுக்சமில் நீர் சுமார் 94 டிகிரியில் கொதிக்கிறது. ஷோகாவில் 90. ஜோங்ரியில் 87க்குச் சற்றுக் குறைவு. சுமார் 4,940 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோச்சே லா கணவாயில் 84 டிகிரியை ஒட்டித்தான். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. சுடரைப் பெரிதாக்கிப் பயனில்லை. கொதிக்கும் நீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, மண்ணெண்ணெய்தான் வீணாகும். இதற்கு மலை கண்ட விடை பிரஷர் குக்கர். மூடிய குக்கருக்குள் ஜோங்ரியிலும் சூடு 110 டிகிரியைத் தாண்டுவதால் பருப்பு மசியும். ட்ஸோவின் முதுகில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் குக்கர் தொங்குவதன் காரணம் இது.

சுடரும் உயரத்துக்கு வரி கட்டுகிறது. ஜோங்ரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். அதே கன அளவு காற்றில் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே. கீழே நீலமாக எரிந்த அதே அழுத்தத்தில் மேலே சுடரின் நுனி மஞ்சளாகிறது. புதிதாக வருபவர் ஸ்டவ்வுக்குச் சக்தி போதவில்லை என்று எண்ணி இன்னும் நாலு முறை பம்ப் அடிப்பார். சுடர் உயரும், சட்டி கரியாகும், தேநீர் மட்டும் தாமதமாகும். பழகியவர்கள் குறைந்த அழுத்தத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அல்லது துளை சிறுத்த ஜெட்டை மாட்டுவார்கள். குறைவான எரிபொருள், அதற்குப் போதுமான காற்று, முழுமையான எரிப்பு. மலையில் அளவோடு எரிவதுதான் வேகமாகக் கொதிக்க வைக்கும்.

காற்றுக்குத் தடுப்பு வைப்பதிலும் அளவு உண்டு. மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து வீசும் காற்று சுடரைப் பர்னரிலிருந்து பிய்த்து எறியும். மூன்று பக்கம் கல் அடுக்குவது வழக்கம். நான்கு பக்கமும் அடைத்தால் தொட்டி சூடாகி அழுத்தம் எகிறும். தொட்டியில் கை வைத்தால் வைத்தபடி இருக்க முடிகிறதா என்பதே சோதனை. முடியாவிட்டால் உடனே காற்றுத் திருகைத் திறக்க வேண்டும்.

எவரெஸ்டின் மூன்று அடுப்புகள்

திரியில்லாத இந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் பிறந்தது ஸ்வீடனில். ஸ்டாக்ஹோமில் மெக்கானிக்காக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892ல் உருவாக்கியது. 'பிரைமஸ்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. கரி படியாத சுடர் என்பதே அதன் பெருமை. 1895ல் வட துருவத்தை நோக்கிச் சறுக்கு வண்டியில் போன நான்சென் அதைத்தான் கொண்டுபோனார். துருவங்களிலும் சிகரங்களிலும் ஸ்டவ்வின் முதல் வேலை சமையல் அல்ல. தண்ணீர். பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், அந்த நீரை 80 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்துக்குச் சமம். சுற்றிலும் பனி இருந்தும் தாகத்தில் சாகலாம் என்பது மலையின் குரூரமான வேடிக்கை.

எவரெஸ்டின் வரலாற்றை அடுப்பின் கதையாகவும் சொல்லலாம். 1924 ஜூனில் மல்லோரி தன் சகா ஓடலுக்கு அனுப்பிய கடைசிக் குறிப்புகளில் ஒன்று, முகாமை விட்டுக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் தங்கள் அடுப்பு சரிவில் உருண்டு போய்விட்டதைச் சொல்கிறது. அவரும் இர்வினும் திரும்பவில்லை. 1952 மே மாதம் ஸ்விஸ் குழுவின் லாம்பெர்ட்டும் டென்சிங்கும் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஓர் இரவைக் கழித்தார்கள். படுக்கைப் பை இல்லை, ஸ்டவ்வும் இல்லை. ஒரு மெழுகுவர்த்திச் சுடரில் பனியை உருக்கிச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார்கள். மறுநாள் சிகரத்துக்கு முன்பே திரும்ப வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவில் கிரிஃபித் பியூ என்ற உடலியல் விஞ்ஞானி இருந்தார். உயரத்தில் மலையேறுவோர் நீரிழப்பால் துவள்கிறார்கள் என்று அறிந்த அவர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் அளவுக்காவது குடிக்க வேண்டும் என்றார். ஆகவே ஸ்டவ்களுக்கும் எரிபொருளுக்கும் முக்கியத்துவம் கிடைத்தது. 1953 மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டர் உயரக் கடைசி முகாமில் ஹிலரியும் டென்சிங்கும் பிரைமஸை மூட்டி, இனிப்பிட்ட எலுமிச்சைப் பானத்தை வயிறு நிறையக் குடித்தார்கள். விடியும்போது வெப்பநிலை மைனஸ் 27 டிகிரி. ஹிலரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அவற்றையும் அந்த ஸ்டவ்வின் சுடரில் காட்டித்தான் இளக்கினார். தோல் கருகும் நாற்றத்தோடு கிளம்பியவர்கள் காலை பதினொன்றரை மணிக்கு சிகரத்தில் நின்றார்கள். மெழுகுவர்த்தி இரவையும் பிரைமஸ் இரவையும் இரண்டையும் வாழ்ந்து பார்த்த ஒரே மனிதர் டென்சிங்.

அந்த வெற்றியின் நீட்சிதான் டார்ஜிலிங்கில் 1954 நவம்பரில் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகம். களப் பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங். 1986ல் இறந்த அவருக்கு கழக வளாகத்திலேயே தகனம் நடந்தது. அங்கே சிலையும், எவரெஸ்ட் பயணங்களின் பொருள்கள் நிறைந்த அருங்காட்சியகமும் இருக்கின்றன. கழகத்தின் அடிப்படைப் பயிற்சி மாணவர்களைப் பல பத்தாண்டுகளாக அழைத்துச்சென்ற வழி இதே யுக்சம், ஷோகா, ஜோங்ரி பாதைதான். ஜோங்ரியைத் தாண்டி சௌரிகாங்கில் கழகத்தின் அடிவார முகாம். கயிறு முடிச்சு போடக் கற்பவர்களுக்கு, குளிரில் ஸ்டவ் பற்றவைப்பதும் பாடம்தான்.

மணமில்லாத எமன்

அந்தச் சுடருக்கு இன்னொரு முகமும் உண்டு. குளிருக்குப் பயந்து கூடாரத்தின் ஜிப்பை முழுதும் இழுத்துவிட்டு உள்ளே ஸ்டவ் எரிப்பவர்கள், தீயைவிடக் கொடிய ஒன்றை அழைக்கிறார்கள். காற்று போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும் அறிகுறிகள் உயர நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால் ஏமாறுவது சுலபம். மஞ்சள் நுனி என்பது கரியின் அடையாளம் மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட. எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்தின் மேலும் கீழும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். தூங்கும் கூடாரத்தில் ஸ்டவ் கூடாது.

இந்திய நினைவில் 'ஸ்டவ் வெடித்து' என்ற சொற்களுக்கு வேறொரு கருமையும் உண்டு. 1980களின் செய்தித்தாள்களில் இளம் மனைவிகளின் மரணங்கள் பல அந்தச் சொற்களோடுதான் வெளியாயின. எத்தனையோ வழக்குகளில் குற்றவாளி ஸ்டவ் அல்ல. 1986ல் வரதட்சிணை மரணத்துக்கெனத் தனிச் சட்டப் பிரிவு வந்ததற்கு அந்தச் செய்திகளும் காரணம். முறையாகக் கையாளப்படும் பம்ப் ஸ்டவ் எளிதில் வெடிக்கும் பொருள் அல்ல என்பதை ஒவ்வோர் ஆண்டும் மலையில் எரிந்த ஸ்டவ்கள் சாட்சி சொல்லின.

காஸ் சிலிண்டர் பல முகாம்களில் பித்தளையின் இடத்தைப் பிடித்துவிட்டது. பற்றவைப்பது சுலபம், ஸ்பிரிட் வேண்டாம், பின் வேண்டாம். ஆனால் பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். விடியற்காலையில் சிலிண்டர் பாதி நிரம்பியிருந்தும் சுடர் சோர்ந்து நிற்பது அதனால்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தச் சோம்பல் இல்லை. கையால் சூடேற்றி, கையால் அழுத்தம் கொடுத்துவிட்டால் எந்தக் குளிரிலும் எரியும். தவிர, காலி கேனை எளிதாகக் கீழே கொண்டுவரலாம், கனமான காலி சிலிண்டரும் அதே பாரமாக இறங்க வேண்டும்.

பித்தளைக்கு ஆபத்து மலையிலிருந்து வரவில்லை, சமவெளியிலிருந்து வந்தது. 2014ல் டெல்லி மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்டது. 2016ல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் கிராமங்களுக்கு காஸ் இணைப்பைக் கொண்டுபோனது. ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய் ஒதுக்கீடு படிப்படியாகச் சுருங்கியது. பெண்களின் நுரையீரலுக்கு இது நல்ல செய்தி, சந்தேகமில்லை. ஆனால் கூடவே தெருவில் குரல் கொடுத்து வந்த ஸ்டவ் ரிப்பேர்காரர் மறைந்தார். தோல் வாஷர், பர்னர், பத்துப் பைசாவுக்கு விற்ற ஸ்டவ் பின் ஆகியவை அரிதாயின. ஐம்பது வருட ஸ்டவ் முடங்குவது பித்தளை தேய்வதால் அல்ல, ஒரு வாஷர் காய்ந்து போவதால். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் உயிர் பெறும் வாஷர் அது. அதை அறிந்தவர்கள்தான் குறைகிறார்கள்.

போகிறவர்களுக்கு

ஏப்ரல், மே மாதங்களில் பூக்கள். அக்டோபர், நவம்பரில் தெளிந்த வானம். மழைக்காலத்தில் அட்டைகள் மட்டுமே மகிழும். கொல்கத்தாவிலிருந்து ஓரிரவு ரயில் பயணத்தில் நியூ ஜல்பைகுரி. விமானத்தில் வந்தால் பாக்டோக்ரா. அங்கிருந்து ஜீப்பில் யுக்சம் சேர ஒரு பகல் போய்விடும். பூங்காவுக்கு அனுமதிச் சீட்டு அவசியம். ஜோங்ரி போய் வர நான்கைந்து நாட்கள், கோச்சே லா வரை போனால் எட்டு நாட்களுக்குக் குறையாது. ஷோகாவுக்கும் ஜோங்ரிக்கும் இடையே ஒரே நாளில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டியிருப்பதால், ஷோகாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது நல்லது.

சொந்த ஸ்டவ் வைத்திருப்பவர்கள் ரயிலிலோ விமானத்திலோ மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் கொண்டுபோக முடியாது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, வாசம் போக உலர்த்தி எடுத்துப் போக வேண்டும். எரிபொருள் மலையடிவாரத்தில். தனியாக ஒரு டப்பாவில் இரண்டு வாஷர், ஒரு ஜெட், அரை டஜன் பின். கிளம்புமுன் வீட்டு மொட்டை மாடியில் பத்துத் தடவை பற்றவைத்துப் பழகிக்கொள்வது உத்தமம். மேலே, விரல்கள் மரத்துப்போன இருட்டில், கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. இரண்டு முறை தோற்றவனுக்கு, பக்கத்துச் சரிவில் உலர்ந்து நிற்கும் ரோடோடென்ட்ரான் கிளை வெறும் விறகாகத் தெரியத் தொடங்கும்.